ஒரே விளக்கு, மூவாயிரத்து இருநூறு ஃபிலிம்

திங்கட்கிழமை, காலை ஆறு மணி.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒரு வண்டிகூட இல்லை. வண்டிகள் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறைகள் மட்டும் வரிசையாக இருந்தன. டீக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கேட்க ஆள் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. எந்த ரோட்டில் எத்தனை புளியமரம் சாய்ந்தது என்று அப்போது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னசேலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் நாளே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள் நிற்பதாகச் சொன்னார்கள்.

நாங்கள் போக வேண்டியது கல்வராயன் மலைக்கு. கச்சிராயபாளையம் வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து மலைப்பாதையில் வெள்ளிமலைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து. அதற்கு மேல் நடை. இரண்டு வாடகை சைக்கிள் எடுத்தோம், ஒன்றுக்கு நாள் வாடகை ஆறு ரூபாய். வழக்கமாக ஐந்துதான். "மரத்துக்கு மேல தூக்கிக்கினு போவீங்க, டயர் போயிடும்" என்று கடைக்காரர் ஒரு ரூபாய் ஏற்றிவிட்டார்.

நாங்கள் என்றால் நானும் அலமேலுவும். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. வயது நாற்பத்தாறு. அதில் இருபது வருடம் டார்க்ரூம் திரைக்குப் பின்னால் போய்விட்டது. என் தோள்பையில் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு டிபன் பாக்ஸ் இருந்தன. டிபன் பாக்ஸில் சாப்பாடு இல்லை. ஈரத்துணியில் சுற்றிய பிளாஸ்டிக் பையும், அதற்குள் ஒரே ஒரு ஃபிலிம் டப்பாவும் இருந்தன. ஃப்ளாஷை வேண்டுமென்றே கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையோடு படம் எதுவும் வராது. போட்டோக்காரன் எழுதுகிற பயணத்துக்குப் படம் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை.

அலமேலுவுக்கு இருபத்திரண்டு வயது. மலையில் பிறந்தவள். அவள் அப்பா கரும்பு வெட்டக் கீழே வந்து கீழேயே தங்கிவிட்டதால், ஆறு வயதிலிருந்து விடுதியில் இருந்து படித்தவள். நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சேரும்போது பழங்குடிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இடம் இல்லை.

எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. அந்த அதிகாரி அவளை நிற்க வைத்து ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டுச் சாமி என்ன, புதுத் தானியம் எப்படிப் படைப்பீர்கள், விளக்கு எத்தனை, யார் ஏற்றுவார்கள். அவள் சொன்னதை அவரே தன் கையால் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "சொல்லிக் குடுத்தா யாரு வேணா ஒப்பிப்பாங்க. நீ பேசறதப் பாத்தா மலைக்காரி மாதிரியே இல்ல. நான் நேர்ல வந்து பாக்கணும். ரோடு சரியாவட்டும்" என்றார். ரோடு எப்போது சரியாகும் என்று இவள் கேட்டதற்கு, "அவசரம்னா போட்டோ புடிச்சிக்கினு வாயேன்" என்று சிரித்தாராம்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை இவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவளுடைய பெரியப்பா வீட்டில் புதுச் சாமை படைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான். அதைப் படம் பிடிக்க வேண்டும் என்றாள். எங்கள் முதலாளிக்கு வாய் நிறையச் சிரிப்பு.

"ஃப்ளாஷ் போட்டா பகல் மாதிரி விழும்மா. ஒண்ணும் கவலப்படாத."

"அந்த நேரத்துல அந்த வூட்டுக்குள்ள வெளக்கத் தவிர வேற வெளிச்சம் ஆவாதுங்க."

"ஒரு செகண்டுதாம்மா. சாமி கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"சாமி கண்ண மூடிக்கும்ங்க. எங்க பெரியப்பா மூட மாட்டாரு."

நான் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கடைக்கு வந்த ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "என்கிட்ட ஒரு ஃபிலிம் இருக்குது" என்றேன்.

அந்த ஃபிலிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிலிம் டப்பாவின் மேல் ஒரு எண் போட்டிருக்கும். நூறு என்றால் நல்ல வெயிலுக்கு. நானூறு என்றால் மழை மூட்டத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும். எண் ஏற ஏற ஃபிலிமுக்குப் பசி ஜாஸ்தி. துளி வெளிச்சம் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். என்னிடம் இருந்தது மூவாயிரத்து இருநூறு. நூறைக்காட்டிலும் முப்பத்திரண்டு மடங்கு. கறுப்பு வெள்ளைதான், முப்பத்தாறு படம். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. மறியலைப் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரருக்கு நான் கடை டார்க்ரூமில் ஃபிலிம் கழுவிக் கொடுத்தேன். போகும்போது அவர் ஒரு சுருளை என் கையில் வைத்துவிட்டு, எத்தனை நிமிடம் கழுவ வேண்டும் என்று சிகரெட் பெட்டித் தாளில் எழுதிக் கொடுத்தார். மேடை நாடகம், ராத்திரியில் விளக்குப் போட்டு ஆடுகிற கபடி, கோயில் கருவறை வாசல், ஆஸ்பத்திரி வார்டு, இப்படி ஃப்ளாஷ் அடிக்க முடியாத இடத்துக்கெல்லாம் இதுதான் என்றார். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதுதான் இதற்குக் கொடுக்கிற விலை என்றும் சொன்னார்.

எனக்கு அந்த விலை பெரிதாகத் தோன்றவில்லை. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கல்யாண வீட்டில் ஒவ்வொரு முறை ஃப்ளாஷ் அடிக்கும்போதும் பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். இருபது வருடமாக முதுகு வேர்க்காமல் நான் ஒரு முகூர்த்தம் எடுத்ததில்லை. சத்தம் போடாமல், யாரையும் கூசவைக்காமல், இருக்கிற வெளிச்சத்தை வைத்துக்கொண்டே படம் எடுக்க ஒரு ஃபிலிம் இருக்கிறது என்றால் அது எனக்காகவே செய்தது என்று நினைத்தேன். எட்டு மாதமாக எதற்கும் எடுக்காமல் வீட்டில் மண்பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்திருந்தேன்.

காலை எட்டு மணி.

முதல் மரம் ஊரைத் தாண்டி நாலாவது கிலோமீட்டரில். வேரோடு சாய்ந்த புளியமரம். ஆள் யாரும் இல்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டினோம். இரண்டாவதையும் தாண்டினோம். மூன்றாவது மரத்தின் மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தடியில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

"யோவ், பையில இன்னாது?"

"கேமராங்க."

"எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்லீங்க. ஸ்டூடியோ."

"ஸ்டூடியோக்காரனுக்கு நடுரோட்ல இன்னா வேலை? எங்க மூஞ்சப் புடிச்சிப் போலீசுக்குக் குடுக்கப் போறியா?"

கேமராவின் பின்மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே காலி. அவர் டிபன் பாக்ஸை எடுத்தார். ஈரத்துணியை உதறினார். ஃபிலிம் டப்பாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு அதன் மூடியில் கட்டைவிரலை வைத்தார். வெயில் நேராக அவர் கைமேல் அடித்துக்கொண்டிருந்தது. சாதாரண ஃபிலிம் என்றால் பயமில்லை, சுருளுக்குத் தனி உறை இருக்கிறது. இந்த ஃபிலிம் கெட்டுப்போக அந்த உறையின் வாய்வழியாகப் போகிற வெளிச்சமே போதும். நிழலில்தான் டப்பாவைத் திறக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து நின்றுவிட்டார். கத்தியது நான்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"இன்னாது வேணாமா? வெடிகுண்டாய்யா வச்சிருக்க?"

அலமேலு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவருக்கும் எனக்கும் நடுவில் வந்தாள்.

"அண்ணே, அதுல வெயிலு பட்டா என் படிப்பு போச்சு. நீங்க எதுக்கு மரத்த வெட்டிப் போட்டு ஒக்காந்துக்கினு இருக்கீங்க? உங்க வூட்டுப் புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும்னுதானே? நானும் அதுக்குத்தான் போறேன். உங்களுக்கு எடமே இல்லைன்றாங்க. எனக்கு எடம் குடுத்துட்டு, நீ யாருன்னு கேக்கறாங்க." எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டாள்.

துண்டுக்காரர் டப்பாவைத் தானே ஈரத்துணியில் சுற்றினார். "உன்னையே நம்பாதவன் எங்களயா நம்பப் போறான்" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "டேய், சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வையுங்கடா" என்றார். நான் ஏறும்போது, "ஸ்டூடியோக்காரரே, திரும்பி வரும்போது எங்களையும் ஒண்ணு புடி. சிரின்னு மட்டும் சொல்லாத" என்றார். கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்தோம்.

காலை பதினொன்று.

கச்சிராயபாளையத்தில் சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டோம். கடுக்காய் ஏற்ற வந்து மாட்டிக்கொண்ட லாரி ஒன்று ஊருக்கும் மலைக்கும் நடுவில் ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மூன்று ரூபாய். டிரைவர் சேலத்துப் பக்கம்.

"கீழயும் போவ முடியல, மேலயும் வேலை இல்ல. டீசல் இருக்கற வரைக்கும் நான்தான் இங்க கவர்மெண்டு பஸ்ஸு" என்றார். என் பையைப் பார்த்துவிட்டு, "கல்யாணமா?" என்று கேட்டார். அலமேலுவையும் என்னையும் சேர்த்துக் கேட்கிறாரோ என்று எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவள் சிரிக்காமல், "ஆமாண்ணே, எனக்கும் கவர்மெண்டுக்கும். அவங்க இன்னும் சரின்னு சொல்லல" என்றாள்.

கோமுகி அணை இடது பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது. வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. ஐப்பசி கடைசி. பாதி மலைக்கு மேல் மேகம் ரோட்டிலேயே கிடந்தது. டிரைவர் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். வெள்ளிமலையில் இறங்கும்போது மணி ஒன்றரை. ஒரு டீ நாற்பது காசு. அங்கிருந்து மரவள்ளிக் கொல்லைகளும் கடுக்காய் மரங்களுமாக ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தோம். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானாக விட்டுவிடுகிறேன்.

மாலை நாலு மணி.

அலமேலுவின் பெரியப்பா பெயர் வெள்ளையன். அறுபது இருக்கும். களத்தில் சாமைத் தட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்த கோலைக் கீழே வைத்தார்.

"போட்டோவா? முன்ன ஒரு தபா கார்ல வந்தாங்க. எங்க பொம்பளைங்கள வரிசையா நிக்க வச்சி, மூஞ்சில பளார் பளார்னு வெளிச்சத்த அடிச்சாங்க. அனுப்பறேன்னாங்க. அதோட போனவங்கதான். எங்க மூஞ்சி எந்த ஊர்ல எவன் செவுத்துல தொங்குதோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"இவரு அப்படி இல்ல பெரியப்பா. வெளிச்சமே அடிக்க மாட்டாரு."

"வெளிச்சம் இல்லாம எப்படிடீ விழும்?"

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, விளக்கு வெளிச்சமே போதும் என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் தம்பி மகளுடைய படிப்பு என்பதால் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்.

"புடிச்சிக்க. அந்த ஆபீசருகிட்ட காட்டிக்க. ஆனா நீ இங்க புடிக்கறது அத்தனையும் திரும்ப இந்த வூட்டுக்கு வரணும். காயிதமும் வரணும், அந்தச் சுருளும் வரணும். ஒண்ணுகூட உன்கிட்ட இருக்கக் கூடாது."

சரி என்றேன். எங்கள் கடையில் முதலாளியின் நாற்காலிக்கு மேல் ஒரு போர்டு தொங்குகிறது: நெகட்டிவ் தரப்படமாட்டாது. எல்லா ஸ்டூடியோவிலும் உள்ள வழக்கம் அது. நெகட்டிவ் கடையில் இருந்தால்தான் காப்பி வேண்டுமென்று ஆள் திரும்பி வருவான். இருபது வருடத்தில் ஒரு நெகட்டிவ்கூட அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை. அந்தப் போர்டில் எழுத்துக்குச் சிவப்பு அடித்தவன் நான்.

அன்று கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தோம். சாமிக்குப் படைக்காமல் புதுச் சாமையை யாரும் வாயில் வைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை, நண்பகல்.

வெளியே மேகம் விலகி நல்ல வெயில். வீட்டின் கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. ஜன்னல் கிடையாது. கூரைக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபிலிமைப் போட்டேன். குனிந்து உள்ளே போனோம். என்னைத் தவிர எட்டுப் பேர். கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு என் கை எனக்கே தெரியவில்லை.

அந்த வீட்டில் பிறந்த பெண்தான் விளக்கு ஏற்ற வேண்டும். கட்டிக்கொடுத்து வெளியூர் போயிருந்தாலும் அவள்தான். வந்த மருமகள் ஏற்ற முடியாது. ஒரே மண் அகல், ஆமணக்கெண்ணெய், ஒரே திரி. அலமேலு மண்டியிட்டு ஏற்றினாள். முதலில் அவள் விரல்கள் தெரிந்தன, பிறகு முகவாய், பிறகு சாமி இருக்கிற பெட்டியின் விளிம்பு, சாமை நிரப்பிய கூடை.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன். இருபது வருடப் பழக்கம். கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தானாக, "எல்லாரும் இங்க பாருங்க" என்றது.

எட்டுப் பேரும் சாமியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்து நின்றார்கள். ஒரு பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எவன்டா அவன் இங்க பாருன்றது?" என்றார் வெள்ளையன். "அங்க பாக்கத்தான்டா எல்லாரும் வந்திருக்கோம்!"

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அடுத்து எல்லாருமே சிரித்துவிட்டார்கள். ஆனால் விளக்கு ஏற்றிய பிறகு முகம் திருப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். விளக்கை அணைத்தார்கள். மறுபடி இருட்டு. அந்த இருட்டில் எனக்குக் காது எரிந்தது. எல்லாரும் மறுபடி வெளியே போய்க் கால் கழுவிவிட்டு வந்தோம். அலமேலு மறுபடி மண்டியிட்டாள்.

இந்த முறை நான் மூலையில் குந்தி உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. நூறு ஃபிலிம் போட்டிருந்தால் அந்த விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு வினாடி முழுக்கக் கேமராவின் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு வினாடி யாரும் ஆடக் கூடாது. அதற்காகத்தான் நாங்கள் எல்லாரையும் மரமாக நிற்க வைக்கிறோம், இல்லாவிட்டால் ஃப்ளாஷை அடிக்கிறோம். இந்த ஃபிலிமில் ஒரு வினாடியை முப்பதாகப் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு போதுமாக இருந்தது. அவர்கள் குனிந்தார்கள், அள்ளினார்கள், கும்பிட்டார்கள், ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. யாரும் எனக்காக நிற்கவில்லை. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அலமேலு முதல் கைப்பிடிச் சாமையை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் வைத்தபோது அவள் உதடு அசைந்தது. அதையும் எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் வெள்ளையன் கேட்டார்: "எப்பத் தம்பி புடிக்கப் போற?"

"முடிஞ்சிதுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வியாழக்கிழமை.

புதன்கிழமை முழுக்க இறங்கும் வழிக்கே சரியாகப் போனது. வியாழன் காலை கடை டார்க்ரூமில் சிகரெட் பெட்டித் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஃபிலிமைக் கழுவினேன். எட்டு மாதம் வைத்திருந்ததற்கு லேசாக மங்கல் ஏறியிருந்தது. தொடக்கத்தில் இரண்டு படங்களில் எட்டுப் பேர் என்னைப் பார்த்து நின்றார்கள். மற்ற எல்லாவற்றிலும் நான் அந்த வீட்டில் இல்லவே இல்லை.

ஐந்து படங்களைத் தாளில் போட்டேன். நடுவில் விளக்கு. அதைச் சுற்றி அலமேலுவின் முகமும் கைகளும். அவற்றுக்கு அப்பால் பெட்டியும் பெரியப்பாவின் நெற்றியும். மீதி முழுக்க இருட்டு. இருட்டும் வெறும் கறுப்பாக இல்லை. தாள் முழுக்கச் சாமையை இறைத்தது போல மணி மணியாக இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது, மண்ணுல விழுந்த மாதிரி கீது. ஃப்ளாஷ் எடுத்துக்கினு போடான்னா கேட்டியா?"

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை.

அதிகாரி ஐந்து படங்களையும் சீட்டு மாதிரி புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது போட்டோவா? பாதி இருட்டா கீது. புள்ளி புள்ளியா வேற. இத வச்சி நான் இன்னா முடிவு பண்றது? வெளிச்சமா எடுத்துக்கினு வா. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் என்பது அலமேலுவுக்குக் கிடையாது. அவள் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. பேசியது நான்.

"ஐயா, இந்தப் பொண்ணு சொன்னத நீங்க ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கீங்க. அத எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க ஐயா."

ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எடுத்தார்.

"வெளக்கு எத்தனைன்னு கேட்டீங்களே, இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஒன்று." அவரே படித்தார். "வேறு வெளிச்சம் கூடாது. வீட்டில் பிறந்த பெண் ஏற்ற வேண்டும்."

"நான் வெளிச்சமா எடுத்துக்கினு வந்திருந்தா, ஒரே வெளக்குல இவ்ளோ வெளிச்சம் ஏதுன்னு நீங்களே கேட்டிருப்பீங்க. ஃப்ளாஷ் அடிச்சிருந்தா அந்த வூட்டுல அன்னைக்குப் படையலே நடந்திருக்காது. நடந்த மாதிரி நிக்க வச்சி எடுத்தேன்னு அர்த்தம். நீங்க எழுதினதும் இந்தப் படமும் ஒண்ணா இருக்குது பாருங்க. இருட்டா இருக்கறதுதான் ஐயா சாட்சி."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு படத்தை மட்டும் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். அலமேலு கைப்பிடிச் சாமையோடு குனிந்திருக்கிற படம்.

"சரி, வச்சிட்டுப் போங்க. பாத்துச் சொல்றேன்."

அலமேலு போகவில்லை. மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா இது?"

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க பாத்துச் சொல்ற வரைக்கும் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"மறியலா?"

"மறியலுக்கு மரம் வேணுங்க. என்கிட்ட மரம் இல்ல."

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் நான் தரையில் உட்கார்ந்தேன் என்பதை என் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை. அதிகாரி இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்தார். நாங்கள் அங்கேயே இருந்தோம். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் அவரே குத்தினார்.

படங்களைக் கோப்பில் வைக்கக் குண்டூசியை எடுத்தபோது அலமேலு கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க."

"ஃபைல்ல இருக்கணும்மா."

"பாக்கணும்னீங்க, பாத்துட்டீங்க. எங்க சாமி வூடு உங்க பீரோவுல இருக்காது."

அவர் கொடுத்துவிட்டார். தாளின் ஓரத்தில் "படங்கள் பார்வையிடப்பட்டன" என்று எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை.

நெகட்டிவைக் கொடுக்க முடியாது என்றார் முதலாளி. "போர்டு எதுக்குத் தொங்குது? இன்னைக்கு இவங்களுக்குக் குடுப்ப, நாளைக்குக் கல்யாணப் பார்ட்டி கேப்பான்."

"ஃபிலிம் என்னோடது. வாக்கும் என்னோடது."

"கழுவுன மருந்து என்னோடதுடா."

"சம்பளத்துல புடிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுருளை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.

பேருந்து ஓடத் தொடங்கியிருந்தது. வெள்ளிமலைக்கு டிக்கெட் நாலு ரூபாய் இருபது காசு. மரங்களை அறுத்து ரோட்டோரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது மரம் இருந்த இடத்தில் கரியும் சாம்பலும் மட்டும் கிடந்தன. தங்களையும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், எடுக்கவில்லை. அது ஒரு குறை.

அலமேலு அன்று காலையே பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். படங்களை என்னிடம்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். வெள்ளையன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் இவ்ளோ கெழவனாயிட்டனா" என்றார். பிறகு நெகட்டிவைக் கேட்டார். களத்தில் நின்று வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வீட்டு இருட்டு முழுக்க வெளிச்சமாகவும் விளக்கு ஒரு கறுப்புப் பொட்டாகவும் தெரியும்.

"தம்பி, இதுல வெளக்குதான் கறுப்பா கீது."

"ஆமாங்க. அதுலேருந்துதான் வெள்ளையா வரும்."

"வேற எங்கியும் இல்லியே?"

"இல்லீங்க."

உள்ளே கொண்டுபோய்ச் சாமிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியில் வைத்தார். புதுச் சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.

மூன்றரை மணிப் பேருந்தில் கீழே இறங்கும்போது மடியில் காலிப் பை இருந்தது. கள்ளக்குறிச்சிக்கு வரும்போது கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் இருபது மாப்பிள்ளைகளும் இருபது பெண்களும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லாரிடமும் இங்கே பாருங்கள் என்று சொன்னவன் நான்தான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதலாளி டார்க்ரூம் பக்கம் கையைக் காட்டினார், கழுவ வேண்டிய ஃபிலிம் ஒன்பது சுருள் சேர்ந்திருந்தது. போர்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். மறைத்து ஒரு காப்பியாவது வைத்துக்கொண்டிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று. வைத்துக்கொண்டிருக்கலாம். டார்க்ரூமில் நான் தனியாகத்தான் இருந்தேன், தாளும் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

வைத்துக்கொள்ளவில்லை.